நாலு நாள் நோன்பு

ஆயுள் காப்பீட்டு பாலிசிக்காகத் திங்கட்கிழமை காலை ரத்தம் கொடுக்க வரவேண்டும் என்று போன் வந்தது. வியாழன் இரவோடு குடியை நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை விடிகாலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்தேன். சனிக்கிழமை ரெண்டு இளநீர். ஞாயிறு முழுக்கத் தண்ணீர், தண்ணீர், பாத்ரூம். ரத்தம் என்பது மொட்டைமாடித் தொட்டி மாதிரி, பழைய தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதிது நிரப்பினால் சுத்தமாகிவிடும் என்பது அன்றைக்கு என் விஞ்ஞானம்.

எனக்கு அப்படித் தோன்றியதில் தொழிலுக்கும் பங்கு உண்டு. மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மார்ச் மாதம் பிறந்தும் ஒட்டாத சிட்டையை, மாதக் கடைசி நாலு நாளில் உட்கார்ந்து ஒட்டவைத்துவிடுவேன். ஊரார் கணக்கில் முடிகிறது, சொந்த ரத்தத்தில் முடியாதா?

லேபில் ஊசி போட வந்தது சின்னப்பெண். ரப்பர் கயிற்றைக் கட்டுவதற்காக என் கையைப் பிடித்தவள் சற்று நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. “பயப்படாதீங்க சார், எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்” என்றாள். எனக்கு வயது நாற்பத்தாறு. ஊசிக்குப் பயந்தவன் என்ற பெயர் எனக்கு அப்போது ரொம்பச் சௌகரியமாக இருந்ததால் கண்ணை வேறு இறுக்கி மூடிக்கொண்டேன். தினமும் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே நடுக்கம் தொடங்கலாம், அரை நாளிலிருந்து ரெண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் புத்தி தடுமாறி இல்லாத ஆட்களோடு பேசவும் நேரலாம், சிலருக்கு உயிரே போகும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. பாலிசி எடுக்கப் போய் அதை உடனே க்ளெய்ம் செய்கிற நிலைக்குப் பக்கத்தில் போய்விட்டு, மோர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரிசல்ட் வந்தது. பாலிசி வரவில்லை. ஜிஜிடி என்ற கல்லீரல் என்சைம் 212 (55-க்குள் இருக்க வேண்டுமாம்). எஸ்ஜிஓடி 96, எஸ்ஜிபிடி 41. ட்ரைகிளிசரைடு 380. எம்சிவி 104. தாளை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு டாக்டரம்மாவிடம் போனேன். மனைவியும் கூட வந்தாள். வராமல் இருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

“குடிப்பீங்களா?”

“எப்பவாவது டாக்டர். கட்டிங்தான்.”

கட்டிங் என்று சொன்னால் பாவத்தில் பாதிதான் நம்முடையது, மீதி கூட வந்தவனுடையது என்று ஒரு தொனி வந்துவிடுகிறது. டாக்டரம்மா மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரில் இருந்த கல்லீரல் படத்தைப் பார்த்தாள்.

“குடிக்காத நாளும் உண்டு டாக்டர். காந்தி ஜெயந்தி...”

“அன்னைக்குக் கடை லீவு” என்றார் டாக்டரம்மா.

லீவுக்கு முந்தின நாளே வாங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிடுவேன் என்பதை நான் சொல்லவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. தாளில் ரெண்டு எண்களைப் பேனாவால் சுழித்தார். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டுமே கல்லீரல் செல்களுக்குள் இருக்கிற என்சைம்கள். செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். கொழுப்புக் கல்லீரல்காரர்களுக்குப் பொதுவாக எஸ்ஜிபிடிதான் தூக்கலாக இருக்கும். எஸ்ஜிஓடி அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல் ஏறி நின்றால் டாக்டர்களுக்குக் குடியின் மேல்தான் முதல் சந்தேகம். குடிகாரனுக்கு பி6 வைட்டமின் குறைந்துபோவதால் எஸ்ஜிபிடி தலைதூக்க முடியாமல் கிடக்கும் என்றார். நான் மனசுக்குள் 96-ஐ 41-ஆல் வகுத்தேன். 2.34. எதையும் வகுத்துப் பார்க்கிற பழக்கம் இப்படி எனக்கே எதிர்ச்சாட்சியாக நிற்கும் என்று நினைக்கவில்லை.

எம்சிவிக்கு என்னிடம் பதில் இருந்தது. சிவப்பணுவின் சராசரிப் பருமன்தான் எம்சிவி. எண்பதிலிருந்து நூறுக்குள் இருக்க வேண்டும். முந்தின இரவு முழுக்க செல்போனில் படித்து, பி12 குறைந்தாலும் அது ஏறும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். “நான் சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டேன் டாக்டர், அதனால பி12 குறைஞ்சிருக்கும்” என்றேன். மீதி ஆறு நாளும் கறியும் மீனுமாக வளைத்துக் கட்டுகிறவன், வாரத்தில் ஒருநாள் சைவத்தால் ரத்தம் கெட்டது என்று வாதாடியதை மனைவி இன்றைக்கும் சொந்தபந்தங்களிடம் நடித்துக் காட்டுகிறாள். டாக்டரம்மா சிரிக்காமல் பி12 எழுதிக் கொடுத்தார். ஃபோலிக் ஆசிட், தைராய்டும் சேர்த்து. எல்லாம் நார்மல். அந்த அளவுக்கு எல்லாமே நார்மலாக இருந்ததற்காக நான் வருத்தப்பட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

நாலு நாள் நோன்பு ஏன் பலிக்கவில்லை என்று கேட்டபோது (வேறு வார்த்தைகளில்தான் கேட்டேன்) அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் கடையிலும் சிட்டை அன்றாடத்துக்கு, பேரேடு மாதக்கணக்குக்கு, ஐந்தொகை வருடத்துக்கு. போலீஸ்காரர் ஊதச் சொல்லிப் பார்ப்பது வெறும் சிட்டை. நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம் தாண்டினால் வண்டியைப் பிடிக்கலாம், ஆனால் கல்லீரல் மணிக்குப் பதினைந்து இருபது மில்லிகிராம் வீதம் கரைத்துவிடுவதால் ராத்திரி அடித்த குவார்ட்டர் மறுநாள் காலைக்குள் காணாமல் போய்விடும். ஜிஜிடி அப்படி இல்லை, பாதியாகக் குறையவே ரெண்டு மூன்று வாரம் எடுக்கும். எம்சிவியோ இன்னும் மெதுவு. மதுவால் எலும்பு மஜ்ஜை கெட்டு, பெருத்த சிவப்பணுக்களாகச் செய்து வெளியே விட்டுவிடுகிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். இன்றைக்கு நிறுத்தினாலும், குடித்த காலத்தில் பிறந்த பயல்கள் அவ்வளவு பேரும் வயதாகிச் சாகும்வரை ரத்தத்தில் சுற்றிக்கொண்டுதான் இருப்பார்கள். நான் நாலு நாளில் அழிக்கப் பார்த்தது நாலு மாதக் கணக்கு.

அன்று இரவு ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் நானே எழுதிப் பார்த்தேன். நம்மூர்ச் சரக்கில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று லேபிளிலேயே போட்டிருக்கும். குவார்ட்டர் 180 மில்லி. அதில் ஆல்கஹால் 77 மில்லி. எடையில் சுமார் 60 கிராம். நான் தினமும் ஒரு குவார்ட்டரும் ஒரு கட்டிங்கும். ஆக 90 கிராம். முப்பது நாளுக்கு 2 கிலோ 700 கிராம். எங்கள் வீட்டில் மாதத்துக்குத் துவரம்பருப்பு 2 கிலோ. ரசீதைக் கிழித்துப் போட்டுவிட்டு, அதிர்ச்சியைத் தாங்க முடியாமல் போய் ஒரு கட்டிங் போட்டேன்.

நிறுத்தியது அதற்கும் ஐந்து மாதம் கழித்துத்தான். அதுவும் கௌரவமான காரணம் எதற்காகவும் இல்லை. கடையில் ஜீரகம் 17 மூட்டை என்று நான் எழுதியதை முதலாளி 11 என்று படித்துவிட்டார். என் ஏழுகள் நடுங்கி நடுங்கி ஒன்றாகிவிட்டிருந்தன. “என்ன கணக்கு, கை இப்படி ஆயிருச்சு?” என்று அவர் திட்டாமல் மெதுவாகக் கேட்டதுதான் தாங்கவில்லை. இந்த முறை கீழாநெல்லி வேண்டாம் என்று டாக்டரம்மா பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுக்கச் சொன்னார். முதல் வேலையாகத் தயமின் ஊசி, அதாவது பி1. அப்புறம்தான் குளுக்கோஸ். அந்த வரிசை முக்கியமாம்; பி1 வற்றிப்போன மூளைக்குக் குளுக்கோஸை முதலில் ஏற்றினால் கேடு. நடுக்கத்துக்கும் வலிப்பு வராமலிருக்கவும் குளோர்டயஸிபாக்ஸைடு, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே. டவுன் பஸ்ஸிலிருந்து படிப்படியாக இறங்குவது மாதிரி. நான் முதல் தடவை ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்திருந்தேன்.

சேர்த்த அன்று ப்ளேட்லெட் 82 ஆயிரம். ஒன்றரை லட்சம் இருக்க வேண்டியது. மது மஜ்ஜையை அமுக்குவதால் அதுவும் குறையும். மனைவிக்கு இது பெரிய வரப்பிரசாதமாகப் போய்விட்டது. ப்ளேட்லெட் என்றால் நம்மூரில் ஒரே அர்த்தம்தானே? “அவருக்கு டெங்கு” என்று தெருவுக்கே சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஊர்வலம். எதிர்வீட்டு அக்கா நிலவேம்புக் கஷாயம் கொண்டுவந்தார். உசிலம்பட்டியிலிருந்து மாமியார் பஸ் ஏறி, தூக்குச்சட்டி நிறையப் பப்பாளி இலைச் சாற்றோடு வந்து இறங்கினார். “மாப்பிள்ளை, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கு” என்று எதிரே உட்கார்ந்துகொண்டார். பதினெட்டு வருடமாக எவ்வளவோ கசந்ததை மூக்கைப் பிடிக்காமலே குடித்தவன், அந்தப் பச்சைச் சாற்றுக்குக் குமட்டினேன். கார்ப்பரேஷன் ஆட்கள் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மருந்து ஊற்றிவிட்டுப் போனதாகவும் கேள்வி. கொசுவுக்கு என் பொருட்டு அவப்பெயர்.

எட்டாம் நாள் ப்ளேட்லெட் 2 லட்சத்து 60 ஆயிரம். குடியை நிறுத்தினால் ரத்தத்தில் முதலில் எழுந்து நிற்பது அதுதான். ஒரு வாரத்தில் துள்ளி வரும், சில சமயம் வேண்டியதற்கு மேலும் போய்த் திரும்பும். ஆனால் புகழ் முழுவதும் பப்பாளிக்கு. மாமியார் இன்றுவரை காய்ச்சல் வந்த வீடுகளில் என்னை உதாரணம் காட்டி வருகிறார். உண்மையைச் சொல்லி அதைத் தடுக்கிற தைரியம் எனக்கு இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுப் போட்டேன். இடதுபக்கம் தேதி, வலதுபக்கம் ஜிஜிடி. பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும், குறைந்து செல் மதிப்பு முறையில் தேய்மானம் என்று ஒன்று. மிச்சமிருப்பதில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே வருவது. ஜிஜிடி இறங்குவதும் அச்சு அசல் அதே முறை. ஆஸ்பத்திரியில் 230. மூன்று வாரத்தில் 121. ஆறு வாரத்தில் 66. நான் பென்சிலால் முன்கூட்டிப் போட்டு வைத்த எண்ணுக்கும் வந்த எண்ணுக்கும் ஐந்தாறுதான் வித்தியாசம். குடியை விட்டதைவிடக் கணக்கு ஒட்டியதில்தான் எனக்குப் பெருமை. நோட்டைக் கடைக்கே கொண்டுபோய் லோடுமேன்களுக்குக்கூடக் காட்டியிருக்கிறேன். ஜிஜிடி என்றால் ஏதோ புது வரி என்று நினைத்து அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

ஏழாம் வாரம் திண்டுக்கல்லில் ஒரு கல்யாணம். மச்சினன், “மாமா, ஈரல்தான் சரியாயிருச்சுல்ல, நோட்டுலயே இருக்கே” என்றான். நான் காட்டிய நோட்டு என்னையே திருப்பி அடித்தது. மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் சத்தத்தில் ரெண்டு லார்ஜ். அதாவது 120 மில்லி, 40 கிராம். குடிக்கும்போதே கணக்கும் ஓடியது. திரும்பி வந்து ஒரு வாரம் சாமியைக்கூட நேராகப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் ரத்தம் கொடுத்தேன். ஜிஜிடி 52. நார்மல்!

அந்தத் தாளைப் பார்த்து நான் அடைந்த சந்தோஷம் இருக்கிறதே, அதுதான் இத்தனை நாளில் நான் செய்த மிக மோசமான காரியம் என்று நினைக்கிறேன். இடைவிடாமல் ஊற்றுகிறவனைத்தான் ஜிஜிடி பிடிக்கும். ஒருநாள் சறுக்கல் அதில் தெரியாது. சிசிடிவி எந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று கண்டுபிடித்த திருடன் மாதிரி, அடுத்த மாதம் வருகிற முகூர்த்தங்களை மனசு எண்ணத் தொடங்கிவிட்டது.

டாக்டரம்மா தாளைப் புரட்டிக்கொண்டே சாவகாசமாகப் பேசினார். “இப்ப பெத்-னு ஒரு டெஸ்ட் இருக்குங்க. பாஸ்படிடில் எத்தனால். குடிச்சாத்தான் அந்தப் பொருளே உடம்புல உண்டாகும். சிவப்பணுவோட சவ்வுல போய் ஒட்டிக்கும். பாதியாகவே ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம். ஈரல் மாத்துறதுக்கு முன்னாடி சில இடங்கள்ல இதைப் பாக்குறாங்க. ஜிஜிடி மாதிரி கொழுப்பு, மாத்திரைனு இதுகிட்ட சாக்குச் சொல்ல முடியாது...”

“ரெண்டு லார்ஜ் டாக்டர். திண்டுக்கல்ல. மச்சினன் ஊத்துனான்” என்றேன்.

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த வேகத்தில் கையிலிருந்த எக்ஸ்ரே கவர் கீழே விழுந்தது. டாக்டரம்மாவே திகைத்துப் போயிருந்தார். “நான் சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேன். இங்க நாம அதை எடுக்கிறதே இல்லையே” என்றார். பேச்சுக்குச் சொன்ன டெஸ்டிலேயே தோற்றவன் நானாகத்தான் இருப்பேன். மச்சினனுக்கு அன்று மாலை அவன் அக்காவிடமிருந்து போன் போனது. அந்த உரையாடலை இங்கே எழுத முடியாது.

அதற்கப்புறம் நான் தொடவில்லை. இதை எப்போது சொன்னாலும் பொய் மாதிரியே ஒலிக்கிறது, ஆனால் நிஜம். எம்சிவி 104-லிருந்து 101, 97 என்று சோம்பேறித்தனமாக இறங்கி நாலாம் மாதம் 92-க்கு வந்தது. பழைய பயல்கள் செத்து, புதுசாகப் பிறந்தவர்கள் அளவாக இருக்கிறார்கள். கை நிலைத்தது. ஏழு ஏழாக இருந்தது.

ஆனால் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு குழி விழும். அதை நிரப்ப ஜிகர்தண்டா பிடித்துக்கொண்டேன். மதுரையில் இதற்கா பஞ்சம்? முதலில் ஒரு சின்ன டம்ளர், அப்புறம் பெரிது, அப்புறம் ஐஸ்கிரீமை ரெண்டு கரண்டி சேர்த்துப் போட்ட ஸ்பெஷல். எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ கூடினேன். அடுத்த டெஸ்டில் ஜிஜிடி 94.

மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அன்று இரவு அரிசி டிரம்மை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு பரண். பிறகு என் ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடி. பதினெட்டு வருடம் நான் சொன்ன பொய்யையெல்லாம் ஒருவாறு நம்பிக்கொண்டிருந்தவள், முதன்முதலாக நான் நிஜம் பேசும்போது நம்பவில்லை. கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்கிற எண்ணம் சேர்ந்து வந்ததில், தட்டில் இருந்த தோசையை மட்டும் சத்தமாகப் பிய்த்தேன்.

டாக்டரம்மா வயிற்றை ஸ்கேன் பண்ணி, கொழுப்புக் கல்லீரல் என்றார். ஜிஜிடி அதற்கும் ஏறும். இந்தத் தடவை எஸ்ஜிபிடிதான் எஸ்ஜிஓடியைவிடத் தூக்கல் என்று மனைவிக்குக் காட்டினார். அவள் முகம் மாறவில்லை. “சிடிடி பாத்துருவோம்” என்றார். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கிற ட்ரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தில் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும். தினம் ஐம்பது அறுபது கிராமுக்கு மேல் ரெண்டு வாரம் போலக் குடித்தால் அந்தத் தொங்கல்கள் குறைந்த புரதம் கூடிவிடும். 1970களில் ஸ்வீடனில் ஹெலனா ஸ்டிப்லரும் அவரோடிருந்தவர்களும் கவனித்துச் சொன்னது. அறுபது கிராம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்வீடன்காரர்கள் நம்மூர்க் குவார்ட்டரை வைத்துத்தான் அளந்தார்களோ! கொழுப்புக் கல்லீரலுக்கு சிடிடி பெரும்பாலும் அசையாது. ரத்தம் வெளியூர் லேபுக்குப் போனது. ஒரு சிப்பம் பொன்னி அரிசியின் விலை.

1.7 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. எனக்கு 0.9. மனைவி அந்தத் தாளை ரெண்டு தடவை படித்து, மடித்து, சாமி மாடத்தில் பாம்புப் பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்தாள். “இனிமே உங்களைச் சந்தேகப்பட மாட்டேங்க” என்றாள். நான் பெருந்தன்மையாகத் தலையசைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவள் இந்தப் பத்தியைப் படிப்பாள். நான் குடிக்கவில்லை, அது சத்தியம். ஆனால் வாரத்துக்கு ஒரு கட்டிங் போட்டிருந்தாலும் அந்தத் தாளில் 0.9-தான் வந்திருக்கக்கூடும், சிடிடியும் பெருங்குடிகாரனுக்கான வலைதான், சின்ன மீன் நழுவிவிடும். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் தலையசைத்தேன்.

போன வாரம் டாக்டரம்மா புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஹெச்பிஏ1சி. சிவப்பணுவுக்குள் இருக்கிற ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. அதே சிவப்பணு, அதே 120 நாள் ஆயுள். கடந்த ரெண்டு மூன்று மாதத்துச் சர்க்கரை எல்லாம் அதில் தெரியும் என்று அவர் விளக்க ஆரம்பித்தபோது, “தெரியும் டாக்டர்” என்று நானே மீதியைச் சொல்லி முடித்தேன். மெச்சிக்கொண்டார்.

டெஸ்ட் வருகிற வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமையிலிருந்து நான் ஜிகர்தண்டா குடிக்கவில்லை. காலையில் வெந்தயம் ஊறவைத்த தண்ணீர்.